முக்கால் குழல் மருந்து

தமிழில் சில வார்த்தைகளை உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரும். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, சிவகாசியில் பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. உப்புமா கிண்டுவதும் ரவை, துப்பாக்கிக்குள் போடுகிற ஈயப் பொடிக்குண்டும் ரவை. இந்த இரண்டு வார்த்தைகளும் இந்தக் கட்டுரையில் மாறி மாறி வரப்போகின்றன. குழம்பிவிடாதீர்கள் :-)

விஷயம் இதுதான். போன செமஸ்டர் லீவில் தெர்மோடைனமிக்ஸுக்கு நோட்ஸ் தேடப் போனவன், எங்கெங்கோ சுற்றி 19ஆம் நூற்றாண்டு ரிவால்வர்களில் போய் விழுந்தேன். தோட்டா கிடையாது. கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து இடித்து, பின்னால் கேப்பு மாட்டிச் சுடுகிற ரகம். 1950-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் அவற்றை அச்சு அசலாக மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பேர் அவற்றை வைத்துக் குறி பார்த்துச் சுடுகிறார்கள். அவர்கள் ஓயாமல் பேசுவது துப்பாக்கியைப் பற்றிக்கூட இல்லை. மருந்து அளவைப் பற்றி. எவ்வளவு போட வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று.

டிஸ்கி: என்னிடம் துப்பாக்கியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி இரண்டாவது இல்லாமல் முதலாவது இருந்தால் கம்பி எண்ண வேண்டும். இது செய்முறை விளக்கம் இல்லை. படித்ததையும், எங்கள் ஊரில் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் அந்த ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சுழலும் சிலிண்டரில் பெரும்பாலும் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்து கொட்ட வேண்டும். மேலே ஈயக் குண்டு. குண்டு அறையின் வாயைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். துப்பாக்கியோடு வருகிற நெம்புகோலால் அழுத்தும்போது ஓரத்தில் ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி விழும். அப்படி விழுந்தால்தான் அடைப்பு சரி. சரியில்லை என்றால் ஒரு அறையில் பற்றிய நெருப்பு பக்கத்து அறைக்குள் தாவும். ஒரு குண்டு சுடப்போய் இரண்டு மூன்று சேர்ந்து கிளம்பும். அந்தப் பக்கத்து அறைகளுக்கு முன்னால் குழல் கிடையாது. கை இருந்தால் கை.

கருமருந்து என்றால் வெடியுப்பு, கரி, கந்தகம். அதில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்து முடிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதே இல்லை. புகையாகவும் கரிப்படிவாகவும் நின்றுவிடும். பழைய யுத்த ஓவியங்களில் புகை மண்டலம் தெரிவது அதனால்தான். பத்து இருபது தடவை சுட்டால் சிலிண்டர் சுற்றவே திணறும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும்.

அளவு சொல்வது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். வெள்ளைக்காரன் பார்லி மணியை வைத்து உண்டாக்கிய எடை அது. நம் பொற்கொல்லர்கள் நெல்லெடை, குன்றிமணி, மஞ்சாடி என்று நிறுத்தார்களே, அதே யோசனை. நம் ஊர் நெல்லில் சுமார் மூன்று மணி சேர்ந்தால் ஒரு கிரெய்ன் வரும். அவனவன் வயலில் விளைந்ததுதான் அவனவனுக்கு எடைக்கல்!

சரி, எவ்வளவு போட வேண்டும்? என்னை மாதிரி ஆள் உடனே சொல்லும் பதில், "அறை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு". 1847-ல் சாமுவேல் கோல்ட் செய்த வாக்கர் ரிவால்வர் கிட்டத்தட்ட அந்தப் பதில்தான். ஒரு அறைக்கு 60 கிரெய்ன் வரை பிடிக்கும். துப்பாக்கி மட்டும் இரண்டு கிலோ எடை. அன்றைய இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை, சிலிண்டர்கள் வெடித்தன. அடுத்த வருஷமே வந்த டிராகூன் மாடலில் அறையைக் குறைத்து 50 கிரெய்னுக்கு இறங்கினார்கள். 1860-ல் வந்த ஆர்மி மாடலில் வழக்கமான அளவு 30 பக்கம். பதின்மூன்று வருஷத்தில் பாதி. இன்றைக்கு அதே மாதிரித் துப்பாக்கியில் காகிதக் குறி சுடுகிறவர்களில் நிறையப் பேர் 20 பக்கம் நிற்கிறார்கள். அதாவது அறுபது நெல் எடை. ஒரு சிட்டிகை.

இருபது போட்டால் அறையில் இடம் மிஞ்சுமே? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இருக்கக்கூடாது, அது ஆபத்து. அதனால் அந்த இடத்தைச் சோள மாவாலோ கோதுமை ரவையாலோ நிரப்புகிறார்கள். ஆமாம், சாட்சாத் உப்புமா ரவை! ரவை எரியாது, தள்ளாது. குண்டை அறையின் வாய்ப்பக்கம் தூக்கி வைக்கிறது. குண்டு குழலுக்குள் தாவ வேண்டிய தூரம் குறைகிறது, குறி கூடுகிறது. சிலர் ரவைக்குப் பதில் கொழுப்பு தோய்த்த கம்பளித் தக்கை வைப்பார்கள். அது கரிப்படிவை இளக்கும், பக்கத்து அறைக்கு நெருப்பு தாவாமலும் காக்கும்.

அப்புறம் பரிசோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருந்தை மாற்றினால் குண்டை மாற்றக்கூடாது, குண்டை மாற்றினால் தக்கையை மாற்றக்கூடாது. காகிதத்தில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். நாங்கள் லேபில் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்வதை அவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள். உலகப் போட்டியில் இந்த ரிவால்வர்களுக்கு 25 மீட்டரில் ஒரு பிரிவே இருக்கிறது. அரை மணி நேரத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 கணக்கு. யார் சத்தம் பெரிசு என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. பத்து குண்டும் ஒரே மாதிரி போக வேண்டும். அதற்கு அளவு கொஞ்சமாக இருப்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே அளவாக இருப்பது முக்கியம்.

ஏன் நிறையப் போட்டால் அந்த அளவுக்குப் பலன் இல்லை? இதற்குப் பதில் தேடியபோதுதான் ஒரு ஆச்சரியம். இதை முதன்முதலாக முறையாக அளந்த மனுஷர் நம் பக்கத்து மண்ணில் செத்துப்போயிருக்கிறார்.

பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்துக்காரர், கணக்கு வாத்தியார். ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். பிசிக்ஸ் புத்தகத்தில் பாலிஸ்டிக் பெண்டுலம் என்று கணக்கு வருமே, அது இவருடையதுதான். 1742-ல் புத்தகமாகப் போட்டார். ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கமும் சேர்த்து 1745-ல் வெளியிட்டார். ஆய்லரே உட்கார்ந்து உரை எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போகிற குண்டைக் காற்று எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்று முதலில் காட்டியவரும் ராபின்ஸ்தான். அதிக மருந்து போட்டு வாங்கிய அதிக வேகத்தைக் காற்று கொஞ்ச தூரத்திலேயே பிடுங்கிக்கொள்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சரிசெய்ய அவரை இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தார். 1751 ஜூலையில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 44. தஞ்சாவூரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். இத்தனை நாள் எனக்கு இது தெரியவே தெரியாது.

அவருக்குப் பிறகு சார்லஸ் ஹட்டன் என்பவர் 1770-களில் பீரங்கிகளை வைத்து அதே சோதனையைப் பெரிதாகச் செய்தார். கிடைத்த கணக்கு எளிமையானது. ஒரே குண்டுக்கு, வேகம் மருந்து எடையின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகிறது. மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் ஆகும். அதுவும் ஒரு எல்லை வரைதான். அதற்கு மேல் குண்டு குழலைவிட்டு வெளியே போன பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். அது வெறும் வெளிச்சம், வெறும் சத்தம். ஆனால் தோளில் வாங்குகிற உதையும் இரும்பு தாங்க வேண்டிய அழுத்தமும் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

டெல்டாவுக்கும் இந்த மருந்துக் கணக்கு புதிதில்லை. தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். சுமார் 25 அடி நீளம், சுமார் 22 டன் எடை. அதை அச்சில் வார்க்கவில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாக ஏற்றி, அடித்தே இணைத்திருக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவார்களே, அந்த வித்தையின் அண்ணன். அந்த வளையங்கள் எதற்கு? உள்ளே எரிகிற மருந்து குழலைப் பிளந்துவிடாமல் இருக்க. அந்தக் கொல்லர்களுக்குப் பெண்டுலம் தெரியாது, அழுத்தம் தெரிந்திருக்கிறது.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஜூன் மாதம் அதே செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டு, பணம் கேட்டுத் தஞ்சாவூரை முற்றுகை போட்டார். கோட்டையில் மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். ஆகஸ்டில் லாலி முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்குப் பின்வாங்கினார். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் அடிவாங்கிய சேதி ஒரு காரணம். மருந்து தீர்ந்துகொண்டு வந்தது இன்னொரு காரணம்.

இதெல்லாம் ராஜாக்கள் கதை. எனக்குத் தெரிந்த ஒருவர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வெட்டாற்றங்கரையில். அறுவடை முடிந்த சமயத்தில் நரிக்குறவர்கள் வருவார்கள். ஊரில் குருவிக்காரர் என்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர், என் தாத்தா காலத்திலிருந்து வருகிறவர். எல்லாரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். நான் ஒன்பது வயசுப் பையன், என்னையும் "சாமி". ஊரில் எல்லாரும் அவரை "நீ, வா, போ". நான் மட்டும் "தாத்தா" என்று கூப்பிடுவேன், அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார். அவரிடம் லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு கொக்கு, நாரை சுடுவது குற்றம். அவர் மகன்கள் பாசிமணி, ஊசி வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். 2014 தேர்தலுக்கு லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது கொண்டுபோய்க் கொடுத்தவர், திரும்ப வாங்கப் போகவே இல்லை. "அலைய முடியல சாமி" என்றார்.

துப்பாக்கி போனாலும் அவர் பையில் அளவுக் குழல் இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டிய மூங்கில் கணு. முக்கால் உயரத்தில் கத்தியால் ஒரு கீறல். கீறல் வரைக்கும் மருந்து, மேலே தேங்காய் நாரும் துணியும் வைத்து இடிப்பது, அப்புறம் குழல் நிறைய ரவை (இது ஈய ரவை!), மறுபடி நார். "ஏன் தாத்தா, மருந்தும் முழுசாப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"மருந்து கூடினா சத்தம் கூடும் சாமி. சட்டி காலி."

குளத்துத் தண்ணீர்மேல் சுட்டுப் பார்ப்பாராம். ரவை விழுகிற புள்ளிகள் தண்ணீரில் தெரியும். மருந்து அதிகமானால் புள்ளிகள் வட்டமாகச் சிதறி நடுவில் ஓட்டை விழும், அந்த ஓட்டைக்குள் கொக்கு நின்றால் பறந்துவிடும். குறைத்துக் குறைத்து, நடுவில் அடர்த்தியாக விழுகிற இடத்தில் நிறுத்தி மூங்கிலில் கீறியிருக்கிறார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிக் குழல், ஒன்றின் குழலை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் மருந்துக்குச் "சோம்பல்" வரும், அதற்காக அளவைக் கூட்டக்கூடாது, சுடாமல் இருக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, குறியில் விழுவதைப் பார்த்து அளவை முடிவு செய்வது, எடையை விட்டுக் கொள்ளளவால் அளப்பது. ரிவால்வர்க்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது அத்தனையும் அந்த மூங்கில் கீறலில் இருந்தது. சிதறினால் நடுவில் ஓட்டை விழும் என்பது அங்கேயும் ரவைத் துப்பாக்கிக்காரர்கள் சொல்கிற அதே விஷயம்தான். அவர்கள் செய்தால் ஹாபி, போட்டி, மெடல். இவர் செய்தால் "குருவி சுடுறவன்". வேட்டையைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. கொக்கு பாவம், சட்டம் சரிதான். ஆனால் இந்த அறிவு இருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கிற மசோதாவே 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பெரியவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். குழல் எங்கே என்று அவர் பேரனிடம் கேட்டேன். "எந்தக் குழல்ண்ணே?" என்றான்.

எழுதி வைக்காததில் என்ன நஷ்டம் என்று கேட்டால், என் சித்தப்பாவின் வலது கையைக் காட்டுவேன். மூன்று விரல்தான் இருக்கும்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மன் புறப்பாட்டுக்கு வேட்டு போடுவார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து மண்ணில் நட்டு வைத்துத் திரி கொளுத்துவது. வேலைக்குக் கூப்பிட்ட ஆள் அந்த வருஷம் வரவில்லை, சித்தப்பா இறங்கினார். முதல் வேட்டு போட்டதும் கூட்டத்தில், "என்னப்பா இது, சத்தமே பத்தல" என்று ஒரு குரல். பக்கத்து ஊர்த் திருவிழாவோடு ஒப்பீடு வேறு. அடுத்த குழாயில் இன்னும் ரெண்டு கை மருந்து சேர்த்து இடித்திருக்கிறார். குழாய் பிளந்துவிட்டது.

"ஏன் சித்தப்பா அவ்வளவு போட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எவ்வளவு போடணும்னு எவன்டா சொன்னான்? சத்தம் கேட்டாங்க, போட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் வருஷா வருஷம் அதே ஊருக்கு வந்து, அதே கோயில் ஆலமரத்தடியில் படுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நாட்டுத் துப்பாக்கி வெடித்து வாலிபர் காயம்" என்று பேப்பரில் படிக்கிறோம். பன்றி விரட்டப் போனவர்களாக இருக்கும், திருட்டு வேட்டைக்குப் போனவர்களாகவும் இருக்கும். துப்பாக்கி கைக்குக் கை மாறி வந்துவிடுகிறது, அளவு கூடவே வருவதில்லை. இதில் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பட்டாசுக்குள் இருக்கும் வெள்ளி நிற மருந்து கருமருந்தே இல்லை. அலுமினியத் தூள் கலந்தது, எரிகிற வேகமே வேறு. புகையில்லா நவீன மருந்தும் அப்படித்தான். கருமருந்துக்குச் செய்த குழலில் இவற்றைப் போட்டால் எந்த அளவும் சரியான அளவு இல்லை. ரிவால்வர்க்காரர்கள் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் இது.

எனக்கு இதில் கடைசியாகப் புரிந்தது ஒன்றுதான். மருந்து போடுவதில் கெட்டிக்காரத்தனம் என்பது எங்கே நிறுத்துவது என்று தெரிவது. வாக்கரிலிருந்து ஆர்மிக்கு வருவதற்குள் கோல்ட் அதைக் கற்றுக்கொண்டார். ராபின்ஸ் ஊஞ்சல் கட்டி அளந்தார். பெரியவர் மூங்கிலில் கீறினார். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. "இன்னும் கொஞ்சம் போடு" என்று கத்துகிறவனுக்கு அந்தப் பதில் தெரியாது. அவன் எப்போதும் பத்தடி தள்ளித்தான் நிற்பான்.

உங்கள் ஊரில் வேட்டு போடுகிறவர், கிணறு வெட்டப் பாறை வெடித்தவர், பழைய வேட்டைக்காரர் என்று யாராவது வயசானவர் இருந்தால், ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். "எப்படிச் செய்வீங்க?" என்று வேண்டாம். "எங்கே நிறுத்துவீங்க?" என்று கேளுங்கள். சொன்னால் எழுதி வையுங்கள்.